கிம்ச்சியின் தாயகம்: சுவையும் உரிமையும் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தையும் கூத்தையும் சிற்பத்தையும் விமர்சனத்துக்கு உரியனவாகக் கொண்ட கல்வியுலகம், உணவை நெடுங்காலமாக அடுக்களைச் சங்கதியாகவே விட்டுவைத்திருந்தது. சுவை என்ற சொல்லை அழகியலின் மையத்தில் இருத்திக்கொண்டே, அச்சொல் பிறந்த நாவைப் பற்றிப் பேசாது விட்டமை ஒரு முரண்பாடுதான். உணவை ஆராய முற்பட்டோரும் பெரும்பாலும் அதன் சத்தையோ பொருளாதாரத்தையோதான் நோக்கினர். ஒரு மக்கட்கூட்டம் தனது உணவைப் பற்றி என்ன கதை கூறிக்கொள்கிறது, அக்கதை எவரை உள்ளடக்கி எவரை விலக்குகிறது என்ற வினாக்கள் அண்மைக் காலத்திலேயே மேற்கிளம்பின. கொரிய மக்களின் கிம்ச்சி இவ்வினாக்களுக்கு மிகவும் பொருத்தமான ஒரு களமாகும். உப்பிட்டு நொதிக்கவைத்த மரக்கறி ஒன்றின் பெயருக்காக மூன்று அரசுகள் வாதிட்டதும், சர்வதேச நிறுவனங்கள் தீர்ப்புக் கூற நேர்ந்ததும் வேறெந்த உணவுக்கும் எளிதில் நேர்ந்தவையல்ல.

கிம்ச்சி இன்று கொரியாவில் மட்டும் செய்யப்படுவதன்று. ஒசாக்காவிலும் ஹொனலூலுவிலும் தாஷ்கந்திலும் அங்கங்கே கிடைக்கும் மரக்கறியையும் மிளகாயையும் கொண்டு அது செய்யப்படுகிறது, விரும்பி உண்ணப்படுகிறது. இவ்வாறு அவ்வவ்வூரில் செய்யப்படும் கிம்ச்சியை 'உண்மையான' கிம்ச்சியின் நகல் என்று கருதும் மனோபாவம் பரவலாக உண்டு. உண்போர் கூட ஒருவகை மன்னிப்புக் கோரலுடனேயே அதனைப் புகழ்வர். இம்மனோபாவம் எவ்வளவு தூரம் ஏற்புடைத்து என்பது ஆராயத்தக்கது.

முதலில் சுவையைப் பற்றியே பேசுவது நியாயம். கொரிய உணவின் நடுவில் இருப்பது சோறு. அதனோடு ஒரு கிண்ணம் சூப்பு. சுற்றிவரச் சிறு தட்டுகளில் 'பஞ்சன்' எனப்படும் பக்கவுணவுகள். சோற்றைச் சூழப் பல கறிகளை வைத்து உண்டு பழகிய ஒருவருக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பஞ்சன் தட்டுகள் எவருக்கும் தனியாக உரியனவல்ல. மேசையிலுள்ள அனைவரும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வர். வேளைக்கு வேளை ஏனைய தட்டுகள் மாறலாம். கிம்ச்சித் தட்டு மட்டும் மாறாது. வெறுஞ்சோற்றின் சாதுவான தன்மைக்கு எதிராக நின்று அடுத்த கவளத்துக்கு வாயைத் தயார்செய்வதே அதன் பணி.

அதன் சுவையை உறைப்பு என்ற ஒரு சொல்லால் அடக்கிவிட முயல்வோர் பலர். அது தவறான வாசிப்பு. உப்பும் உறைப்பும் உள்ளியின் காட்டமும் முதலில் நாவைத் தாக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றின் பின்னே மெல்ல ஏறிவரும் புளிப்பும், கடலுணவின் ஆழ்ந்த ஊன்சுவையும், நாவின் நுனியில் குமிழியிட்டு மறையும் ஒருவகைக் குளிர்ச்சியும் இல்லையெனில் அது மிளகாய் பூசிய கோவா இலையே. அக்குளிர்ச்சி தற்செயலானதன்று. சீனக் கோவாவைப் பிளந்து பருக்கைக் கடலுப்பில் ஓரிரவு ஊறவிடும்போது இலையிலுள்ள நீர் வெளியேறுகிறது. கேடுவிளைக்கும் நுண்ணுயிர்கள் பல உப்பினால் அடக்கப்படுகின்றன. பின்னர் கழுவி வடித்து, அரிசிமாக் கஞ்சியில் குழைத்த செத்தல் மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, வெங்காயத்தாள், சீவிய முள்ளங்கி, உப்பிட்டு நொதித்த கூனி இறால் அல்லது நெத்தலி ஆகியவற்றின் கலவையை இலைக்கு இலை பூசிச் சாடியில் அமுக்கி வைப்பர். காற்றுப் புகாத அவ்விருளில், உப்பைத் தாங்கக்கூடிய லியூக்கோனொஸ்ரொக் இனப் பற்றீரியாக்கள் முதலில் பெருகி, இலற்றிக் அமிலத்தோடு காபனீரொட்சைட்டையும் வெளியிடுகின்றன. நாவில் உணரப்படும் குமிழி அதுவே. புளிப்பு ஏற ஏற அவை ஒதுங்க, அமிலத்தை அதிகம் தாங்கும் லக்ரோபசிலசு இனங்கள் களத்தைப் பற்றிக்கொள்கின்றன. குளிர் மிகுந்திருப்பின் இந்நாடகம் வாரக்கணக்கில் நீளும். வெப்பம் மிகுந்திருப்பின் ஓரிரு நாளில் முடிந்துவிடும். கொரியக் கிராமத்தவர் சாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தது இதன் பொருட்டே.

ஆகவே கிம்ச்சி முடிந்துபோன பண்டமாக என்றும் இருப்பதில்லை. செய்த அன்றே உண்ணப்படும் 'கொத்ஜொரி'க்கும், ஒன்றிரண்டு வாரத்தில் பதம் கண்டதற்கும், ஆண்டு கடந்து கடும்புளிப்பேறிய 'முகுன்ஜி'க்கும் இடையே உறவு உண்டு, ஒருமை இல்லை. புளித்தது வீணாவதும் இல்லை. அது பன்றியிறைச்சியோடும் தோபுவோடும் கொதித்துக் குழம்பாகும். சோற்றோடு வதங்கி மறுநாட் காலையுணவாகும். ஒரே சாடியிலிருந்து மாதந்தோறும் வெவ்வேறு உணவைப் பெறும் இச்சிக்கனமும் கற்பனையுமே கொரிய உணவின் கவர்ச்சிக்கு அடிப்படை எனலாம். வறுமையும் நீண்ட மாரிகாலமும் கற்பித்த சமையல் அது. இன்று உலக நகரங்களில் அதனை நாகரிக உணவாக உண்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கவர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் சின்னத்திரையின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2003-04 காலப்பகுதியில் தென்கொரியாவில் ஒளிபரப்பான 'தே ஜங் கும்' என்ற தொடர்நாடகம், அரண்மனை மடைப்பள்ளியில் பணிபுரிந்த ஒரு பெண்ணின் கதையைக் கூறுவது. இலங்கை ரூபவாஹினியில் அது 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் வந்தபோது, கொரியா எங்குள்ளது என்று அறியாதோரும் அதன் சமையற் காட்சிகளில் லயித்தனர். அந்நாடகத்தின் களம் 1506 முதல் 1544 வரை ஆண்ட சுங்ஜொங் மன்னரின் காலம். அக்காலத்துக் கொரியாவில் மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய், போர்த்துக்கேயரின் வாணிபத்தை ஒட்டிக் கிழக்காசியாவுக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே கொரியாவை எட்டியது. 1614இல் யி சுக்வாங் தொகுத்த கலைக்களஞ்சியம் அதனை யப்பானிலிருந்து வந்த கடுகு எனக் குறிப்பிடுகின்றது. மரக்கறியை மிளகாயோடு சேர்த்து ஊறவைக்கும் முறை 1766ஐச் சேர்ந்த ஒரு வேளாண்மை நூலிலேயே காணப்படுகின்றது. அதற்கு முற்பட்ட கிம்ச்சி உப்புநீரில் அமிழ்ந்த வெண்ணிற மரக்கறியே. 'அமிழ்த்திய மரக்கறி' எனப் பொருள்படும் 'சிம்ச்சே' என்ற சொல்லிலிருந்தே கிம்ச்சி என்ற பெயர் திரிந்தது என்பர்.

சிவப்பு மட்டுமன்று, கோவாவும் பிந்தியதே. இலை செறிந்த முழுச் சீனக் கோவாவைக் கொண்டு செய்யும் கிம்ச்சி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமேயாகும். அதற்கு முன்னர் முள்ளங்கியும் கத்தரிக்காயும் வெள்ளரிக்காயும் காட்டுக்கீரைகளுமே சாடியை நிறைத்தன. இன்று தேசியச் சின்னம் போல் போற்றப்படும் கொரியக் கோவாவின் வரலாற்றில் ஊ ஜங் சுன் என்ற தாவரவியலாளருக்குப் பெரும்பங்குண்டு. கோவா, கடுகு முதலிய பயிர்களின் பிறப்புறவை விளக்கிய அவருடைய 1935ஆம் ஆண்டு ஆய்வு உலகெங்கும் கற்பிக்கப்படுவது. அவர் 1898இல் தோக்கியோவில் பிறந்தவர். தந்தை நாடுகடந்து வாழ்ந்த கொரியர். தாய் யப்பானியப் பெண். 1950இல் கொரியா வந்து, 1959இல் இறக்கும்வரை நல்ல விதையினங்களை உருவாக்குவதிலேயே அவர் காலங்கழித்தார். போரால் நலிந்த நாட்டின் மரக்கறித் தோட்டங்களுக்கு விதை தந்தவர் அவர். தூய கொரியத்தன்மை என்ற கருத்தை அந்தக் கோவாவின் மீது ஏற்றிவைப்பது எத்துணை கடினம் என்பதற்கு இவ்வொரு வாழ்க்கையே போதும்.

(தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு காண்போர் 'அப்பா' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். ஹோமர் ஹல்பேர்ட் 1905இல் சியோலில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலும் அவ்வழிச் சென்றதே; மொழியியலாளர் அதனை இன்று ஏற்பதில்லை. இரு மக்களும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில், ஒரே கடலோடிகளின் வாணிபத்தால் மிளகாயைப் பெற்று, இரண்டொரு தலைமுறைக்குள் அது தம்முடைய பழம்பொருள் என நம்பத் தொடங்கினர் என்பது அதைவிட உறுதியான ஒற்றுமை.)

இவ்வரலாற்றைக் கொண்டு கொரியரின் உரிமைக் கோரிக்கையை நகைத்து ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்கும் விமர்சனமும் நேர்மையானதன்று. 1910 தொடக்கம் 1945 வரை கொரியா யப்பானின் குடியேற்ற நாடாக இருந்தது. அக்காலத்திலும் அதன் பின்னரும் யப்பானில் கூலிகளாக வாழ்ந்த கொரியர், உள்ளியும் கிம்ச்சியும் மணப்பவர்கள் என்று இழிவுபடுத்தப்பட்டனர். வாடகைக்கு வீடு மறுக்கவும் பாடசாலையிற் பிள்ளைகளைக் கேலிசெய்யவும் அந்த மணமே சாட்டாயிற்று. சில தசாப்தங்களின் பின்னர் அதே பண்டம் யப்பானியக் கடைகளில் மிக அதிகமாக விற்கும் ஊறுகாய்களுள் ஒன்றாயிற்று. அங்கு அது 'கிமுச்சி' எனப்பட்டது. அதிற் பெரும்பகுதி நொதிக்காமல், புளிப்பும் இனிப்பும் செயற்கையாகச் சேர்த்துச் செய்யப்பட்டது. பெயரும் பண்பும் இவ்வாறு மாற்றப்பட்டு, ஏற்றுமதிச் சந்தையிலும் அது போட்டியிட்டபோது கொரியர் கொண்ட சினம் வெறும் வாணிபச் சினமாக இருக்கவில்லை. நேற்றுவரை நாற்றம் என்று முகஞ்சுழித்தோர் இன்று அதனைத் தமதாக்கி விற்கின்றனர் என்ற உணர்வு அதில் கலந்திருந்தது. சர்வதேச உணவுத் தர நிறுவனமான கோடெக்ஸ் 2001இல் கிம்ச்சிக்கு ஒரு தரவரையறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி, கிம்ச்சி என்பது சீனக் கோவாவைப் பிரதானமாகக் கொண்டு, இலற்றிக் அமில நொதிப்பினால் பதப்படுத்தப்பட்டதாதல் வேண்டும்.

இத்தீர்ப்பு கொரியரின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் வெற்றியின் விலை கவனிக்கப்படவில்லை. சீனக் கோவா கட்டாயம் என்று வரையறுத்த மாத்திரத்தில், கொரியர் தாமே கிம்ச்சி என வழங்கும் முள்ளங்கித் துண்டுக் 'கக்துகி'யும், வடபகுதியார் மாரியில் குளிர்நூடில்ஸுக்கு ஊற்றும் உப்புநீர்த் 'தொங்ச்சிமி'யும் அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிட்டன. வட மாகாணங்களின் கிம்ச்சி உப்பும் உறைப்பும் குறைந்து நீர்த்தன்மை மிக்கது. தெற்கே ஜொல்லா, கியோங்சாங் பகுதிகளில் உறைப்பும் நெத்தலியும் மிகுந்தது. வீட்டுக்கு வீடு கூட அது மாறும். பன்மையாக வாழ்ந்த ஒரு வழக்கத்தை ஒருமையாகச் சுருக்காமல் அதற்குச் சட்டப்பாதுகாப்புப் பெற முடியாது என்பது இன்றைய சர்வதேச ஒழுங்கின் இயல்பு. யுனெஸ்கோவின் பட்டியலில் 2013இல் தென்கொரியாவின் 'கிம்ஜங்' வழக்கமும், 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபும் தனித்தனியே இடம்பெற்றன. ஒரே சாடியை 38ஆம் அகலக்கோடு இரண்டாகப் பிளந்தது போன்ற காட்சி அது.

சீனாவுடனான பிணக்கு இன்னும் விசித்திரமானது. 2020 நவம்பரில் 'பாவோசாய்' எனப்படும் சீன ஊறுகாய்க்கு சர்வதேச நியம அமைப்பு ஒரு நியமத்தை வெளியிட்டது. அது கிம்ச்சிக்குப் பொருந்தாது என்று அவ்வாவணத்திலேயே எழுதப்பட்டிருந்தும், கிம்ச்சி சீனாவுக்குரியது என உலகம் ஏற்றுவிட்டதாகச் சீன ஊடகம் ஒன்று கூற, இரு நாட்டு இளைஞரும் மாதக்கணக்கில் சொற்போர் புரிந்தனர். 2021இல் தென்கொரியக் கலாசார அமைச்சு கிம்ச்சிக்கெனச் 'சின்ச்சி' என்ற புதிய சீனப் பெயரையே ஆக்கிக்கொடுத்தது. இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருக்கையில், தென்கொரிய உணவகங்களில் விலையின்றிப் பரிமாறப்படும் கிம்ச்சியின் கணிசமான பகுதி சீனத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு இறக்குமதியானதாகவே இருந்தது. காரணம் எளிது. கேட்கும்போதெல்லாம் பஞ்சன் தட்டை இலவசமாக நிரப்பிக்கொடுப்பது அந்நாட்டு உணவகங்களின் மரபு. உள்ளூர்க் கோவாவின் விலையில் சிறிய உணவகம் ஒன்றால் அம்மரபைப் பேண முடிவதில்லை. பெயரின் தூய்மை அமைச்சில் காக்கப்பட்டது. தட்டிலிருந்த பண்டத்தைச் சந்தையே தீர்மானித்தது.

'உள்ளூர்க் கிம்ச்சி' என்ற தொடர் இவ்விடத்தில் ஒரு திருப்பம் பெறுகின்றது. 2010ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பருவநிலை பிழைத்துக் கோவாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, அன்றைய சனாதிபதி லீ மியுங் பாக், தமது மேசைக்குச் சீனக் கோவாவுக்குப் பதிலாக மேனாட்டு உருண்டைக் கோவாவில் செய்த கிம்ச்சியை வைக்குமாறு பணித்ததாகச் செய்தி வந்தது. மக்கள் மகிழவில்லை; உருண்டைக் கோவாவின் விலையும் அவ்வாறே ஏறியிருக்கிறது என்பதைச் சனாதிபதி அறியாரா என்று கேட்டனர். கொரிய உணவை உலகமயப்படுத்தும் பெருந்திட்டத்தை அதே அரசு 2009 முதல் முன்னெடுத்துக்கொண்டிருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் தகும். 2024இன் கடும் வெயிலில் கங்வொன் மாகாணத்து மலைத்தோட்டங்களின் கோவா மீண்டும் நலிந்தபோது, அரசு சீனாவிலிருந்து கோவாவை இறக்குமதி செய்தது. வெப்பம் ஏறஏற அம்மலைத்தோட்டங்கள் சுருங்கிவருகின்றன. கொரியாவிலேயே கொரியக் கோவா அரிதாகுமாயின் தாயகக் கிம்ச்சி எது என்ற கேள்வி வெறும் தத்துவக் கேள்வியாக நின்றுவிடாது.

யுனெஸ்கோ பட்டியலுக்கு எழுதப்பட்ட விவரணங்கள், கிம்ஜங்கைக் கூடிச்செய்து பகிர்ந்துண்ணும் நல்வழக்கமாகச் சித்திரிக்கின்றன. அது பொய்யன்று. நவம்பர்க் குளிரில் அயலவர் ஒன்றுகூடி நூற்றுக்கணக்கான கோவாக்களை உப்பிடுவதும், அன்றைக்கே வெந்த பன்றியிறைச்சியைப் புதுக்கிம்ச்சியில் சுற்றி உண்பதும், இல்லாத வீட்டுக்கு ஒரு சாடி அனுப்புவதும் உண்மையான இன்பங்களே. தொழிற்சாலைகள் அப்பருவத்தில் ஊழியருக்குக் கிம்ஜங் கொடுப்பனவு வழங்கிய காலமும் இருந்தது. ஆயினும் குளிர்நீரில் கைவிறைக்க நின்றோர் யார் என்ற கேள்வி அவ்விவரணங்களில் மெலிதாகவே ஒலிக்கின்றது. அவர்கள் பெண்கள், பெரும்பாலும் மாமியாரின் கண்காணிப்பில் நின்ற மருமக்கள். கொரியர் நல்ல சமையலைப் பாராட்டும் சொல் 'சொன்மாத்'. கையின் சுவை என்பது அதன் நேர்பொருள். தமிழில் கைப்பக்குவம் என்பதற்கு மிக அணித்தானது. அளவுகோலால் அளக்கமுடியாததை அக்கைக்கு உரியதாக்கும் அழகிய சொல் அது. அழகாக இருப்பதனாலேயே அது ஒரு பொறியும் ஆகும். கைக்குரியது என்ற புகழ்மொழியால் அவ்வேலை வேறெவருக்கும் மாற்றமுடியாததாகிறது. புகழ் கொடுக்கப்பட்டபின் கூலி கேட்க இடமில்லை. 1970கள் முதல் அடுக்குமாடி வாழ்வு பரவி மண்ணும் முற்றமும் இல்லாதுபோக, 1990களின் நடுப்பகுதியில் கிம்ச்சிக்கெனவே தனிக் குளிர்சாதனப்பெட்டி சந்தைக்கு வந்தது. கடைக்கிம்ச்சி வாங்குவோர் தொகையும் பெருகியது. மரபு அழிகிறது என்று இதற்காகப் புலம்பியவர்களுள் உப்பிட்டுக் கைவெடித்தவர்கள் எத்தனை பேர் என்பது கேட்கத்தக்கது.

இன்று அக்கையின் இடத்தில் வேறு கைகள் வந்துள்ளன. தென்கொரியாவின் மரக்கறிப் பண்ணைகளிலும் பசுங்கூடங்களிலும் கம்போடியா, நேபாளம், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து சென்றோர் உழைக்கின்றனர். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ் இலங்கையரும் ஆயிரக்கணக்கில் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித்துறைக்கும் சென்றுள்ளனர். கிம்ச்சிக்குரிய நெத்தலியும் கூனி இறாலும் கரைசேரும் கடலிலும் புலம்பெயர்ந்த உழைப்பாளரின் கை உண்டு. 2020 டிசம்பரில், பொச்சன் பகுதிப் பண்ணை ஒன்றில், பிளாத்திக்குப் பசுங்கூடத்தினுள் அமைந்த தங்குமிடத்தில் கடுங்குளிர் இரவொன்றில் கம்போடியப் பெண்ணொருவர் இறந்துகிடந்தார். அதன் பின்னரே பண்ணைத் தொழிலாளரின் இருப்பிடம் பற்றி அந்நாட்டில் உரத்த விவாதம் எழுந்தது. தேசிய உணவு என்று கூறும்போது அத்தேசியத்தில் இவர்களுக்கு இடம் உண்டா என்பதைக் கிம்ச்சியின் பெயருக்காக வாதிட்ட எவரும் அதே ஆர்வத்தோடு வினவியதாகத் தெரியவில்லை.

கொரியர் நாட்டைவிட்டுச் சென்ற வரலாற்றை நோக்கின் வேறொரு சித்திரம் கிடைக்கின்றது. 1903இல் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியோர் அங்கு கிடைத்த மரக்கறியை உப்பிட்டனர். இன்று அத்தீவுகளில் கிம்ச்சி எல்லா இனத்தாருக்கும் பொதுவான மதியவுணவின் பகுதி. வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட கொரியப் படையினருக்குத் தகரத்தில் அடைத்த கிம்ச்சி கிடைக்கவேண்டுமென 1967இல் சனாதிபதி பார்க் சுங் ஹீ அமெரிக்க சனாதிபதி ஜோன்சனுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. இவற்றுள் மிகுந்த சிந்தனைக்குரியது மத்திய ஆசியக் கொரியரின் கதையேயாகும்.

1937ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், யப்பானிய உளவுக்கு இடமாகலாம் என்ற சந்தேகத்தின்பேரில், சோவியத் தூரகிழக்கில் வாழ்ந்த ஏறத்தாழ 1,72,000 கொரியர் சரக்குப் புகையிரதங்களில் ஏற்றப்பட்டுக் கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். வழியிலேயே பலர் மாண்டனர். உஷ்தொபே போன்ற இடங்களில் இறக்கப்பட்டோர் முதல் மாரியை மண்ணைக் குடைந்த குழிகளிற் கழித்தனர். பழகிய கோவா அப்புல்வெளியில் இல்லை. மீன்பிடித்த கடல் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். இருந்தது கரட், உஸ்பெக்கியர் தமது இறைச்சிச் சோற்றில் தாராளமாக இடும் கரட். அதனை நூலாகச் சீவி, உப்பிட்டுப் பிசைந்து, உள்ளியும் மிளகாயும் வினாகிரியும் சேர்த்து, அவ்வூர்க் கொத்தமல்லி விதையைத் தூவி, சுடுகின்ற எண்ணெயை மேலே ஊற்றினர். 'மோர்க்கொவ்ச்சா' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. முற்பாதி கரட்டைக் குறிக்கும் ருஷ்யச் சொல்; பிற்பாதி பக்கவுணவைக் குறிக்கும் கொரிய வழக்கு. இவ்வுணவு கோவா இல்லாத குறையை நிரப்பப் பிறந்தது என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பின்னர் கோவா விளைந்தபோது அவர்கள் மீண்டும் கிம்ச்சியும் செய்தனர். 'சிம்ச்சி' என்று பழைய வடமாகாண உச்சரிப்பிலேயே அதனை அழைத்தனர். ஆனால் கரட் மறையவில்லை. தாஷ்கந்தின் குய்லுக் சந்தையிலும் அல்மாட்டியின் பச்சைச் சந்தையிலும் கொரியப் பெண்கள் குவித்துவைத்து விற்ற அவ்வுணவு சோவியத் ஒன்றியம் முழுவதும் பரவி, அந்நாடு 1991இல் கலைந்த பின்னரும், மொஸ்கோவின் கடைகளில் 'கொரியக் கரட்' என்ற பெயருடன் நிலைத்துவிட்டது. அதனைச் சீவுவதற்கென்றே தனித் துருவுபலகையும் அங்கு விற்கப்படுகின்றது.

கோடெக்ஸ் வரையறையின்படி இது கிம்ச்சியன்று. கோவா இல்லை, நொதிப்பு இல்லை, புளிப்பு வினாகிரியால் வந்தது. யப்பானியக் கிமுச்சிக்கு எதிராகக் கொரியர் எழுப்பிய அதே ஆட்சேபங்கள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். வரையறையைக் கண்டிப்பாகப் பிரயோகிக்கும் ஒருவர், உப்பிட்ட கீரைவகையின் ஒரு கிளை என்று இதனை ஒதுக்கிவைக்கலாம்; தாவர, நொதிப்பு நூல்களின் நோக்கில் அது சரியுங்கூட. ஆயினும் யப்பானியத் தொழிற்சாலை நொதிப்பைக் கைவிட்டதற்கும் நாடுகடத்தப்பட்டோர் கைவிட்டதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவ்வரையறை காணமாட்டாது. முன்னதில் காலம் என்பது மிச்சப்படுத்தவேண்டிய செலவு. பின்னதிலோ உணவை மேசையில் வைக்கவேண்டும், சோற்றுக்கு எதிரே உறைப்பும் புளிப்பும் கொண்ட ஒன்று இருந்தேயாகவேண்டும் என்ற பழக்கமே கோவாவையும் கடலையும் மண்சாடியையும் கடந்து வந்திருக்கிறது. அச்சமூகத்தவருள் பெரும்பாலோர் இன்று ருஷ்ய மொழியே பேசுகின்றனர். பாட்டன்மாரின் 'கொர்யோ மார்' பேச்சுவழக்கு முதியோரிடம் மட்டும் எஞ்சியுள்ளது. மொழி விட்டுச்சென்ற இடத்தில் கரட்டும் குளிர்நூடில்ஸும் நின்றன. சுவையை மதிப்பிடும் விமர்சகர் மூலப்பொருளின் பட்டியலோடு இந்தச் செயலையும் கணக்கிலெடுக்கவேண்டும். அவ்வாறு எடுப்பின் ஊருக்கு ஊர் செய்யப்படும் கிம்ச்சியை நகல் என்று அழைப்பது கடினமாகும். முழுக் கோவாக் கிம்ச்சியே, மிளகாய் வந்தபின், புதுக் கோவா இனம் வந்தபின், அன்று அவ்வூரில் கிடைத்ததைக்கொண்டு செய்யப்பட்டதுதானே.

இதனை எல்லாம் ஒன்றே என்று கூறும் தாராளவாதமாக விளங்கிக்கொள்ளல் ஆகாது. நல்ல கிம்ச்சியும் கூடாத கிம்ச்சியும் உண்டு. உப்பு ஊறாத கோவா, பச்சை மணம் மாறாத மிளகாய், சீனியால் மூடிமறைத்த புளிப்பு ஆகியவை சியோலில் செய்யப்பட்டாலும் குறைகளே. பதமாக நொதித்த சாடி ஒசாக்காவின் இக்குனோ வட்டாரத்துக் கொரியச் சந்தையில் கிடைப்பின் அது சிறப்பே. மதிப்பீடு இவ்வாறு கையையும் காலத்தையும் நோக்கி நடக்கவேண்டியது. கடவுச்சீட்டை நோக்கி அன்று.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின், மத்திய ஆசியக் கொரியருள் பலர் பாட்டன்மாரின் நாட்டுக்குத் தொழில்தேடித் திரும்பினர். தென்கொரியாவின் குவாங்ஜு நகரில், வொல்கொக் வட்டாரத்தில் அவர்களுடைய குடியிருப்பு ஒன்று உருவாகியுள்ளது. 2010இல் நிறுவப்பட்ட உலகக் கிம்ச்சி ஆய்வு நிலையமும் அதே நகரிலேயே உள்ளது. நிலையத்தில் விஞ்ஞானிகள் சாடிகளின் பற்றீரியாக்களை இனம் பிரித்து ஆராய்கின்றனர். வொல்கொக்கின் கடைகளில் பெயர்ப்பலகைகள் ருஷ்ய எழுத்தில் எழுதப்பட்டுள்ளன; உள்ளே இறைச்சிச் சோற்றுக்கும் தந்தூர் ரொட்டிக்கும் அருகில் மோர்க்கொவ்ச்சா வைக்கப்பட்டிருக்கிறது. அயலிலுள்ள கொரியர் அதனை மத்திய ஆசியாவிலிருந்து வந்த வெளிநாட்டு உணவு என்றே கருதி வாங்கிச் செல்கின்றனர்.